என் முதுகுப்பையைப் பிடித்து இழுத்த அம்மாவுக்கு

பழைய பயணப் படங்களைப் புரட்டினேன். விக்டோரியா அருவி, 108 மீட்டர் உயரம். படத்தில் பாதி சாரல்தான். அப்புறம் ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரை. கறுப்பு மணல், அடுக்கி வைத்த பென்சில்கள் போலப் பசால்ட் என்ற எரிமலைப் பாறைத் தூண்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று அவற்றைப் படமெடுத்தேன். அங்கே செய்யவே கூடாதது அதுதான். நாலைந்து அலை சாதுவாக வந்துபோகும், அடுத்தது ஆளையே வாரிக்கொண்டு போய்விடும். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுத்தான் போனேன், என்ன பிரயோசனம்!

சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மா ஓடிவந்து என் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் முழங்கால் அளவு நுரை. மூச்சு வாங்க என்னைத் திட்டினார். எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

ரொம்ப நன்றி அம்மா. அந்தப் படம் ஆடிப்போய்த்தான் விழுந்திருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.