மாப்ளே, அந்த லேப்டாப்பைக் கொடுத்துவிடாதே

பாளையங்கோட்டை
19-1-2026

அன்பு மாப்ளே,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை. நேற்றோடு எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்த பனங்கிழங்கை அவித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சாயங்காலம் வ.உ.சி. மைதானம் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரி மனதை விட்டுப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேரன் லேப்டாப் திரையில் வந்து பேசும்போது பாதிப் பேச்சு கேட்பதில்லை, ஆனாலும் சிரித்துத் தலையாட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். வயசாகிவிட்டது, காதுதான் போய்விட்டது, இனி இந்த லேப்டாப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நீயே முடிவும் கட்டிவிட்டாய். போன வருஷம் நானும் இதையேதான் நினைத்தேன். காதைப் பரிசோதித்துக்கொள், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய். செல்போனில் அவனோடு பேசிப் பார். அதில் அவன் குரல் தெளிவாகக் கேட்டால் குறை பெரும்பாலும் உன் காதில் இருக்காது.

அடுத்து, அதே லேப்டாப்பில் ஒரு பாட்டைப் போடு. பாட்டு நன்றாகக் கேட்டு, பேரன் குரல் மட்டும் மெலிந்திருந்தால், பெரும்பாலும் அவர்கள் பக்கத்து மைக்தான் சரியில்லை. மகளிடம் சொன்னால் போதும். பாட்டும் மெலிந்துதான் கேட்கிறது என்றால், மேலே படி.

நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்குள் வருவதற்கு நடுவே மூன்று நான்கு வால்வு இருக்கும். அதில் ஏதோ ஒன்று பாதி மூடிக் கிடந்தால், கடைசிக் குழாயை எவ்வளவு திருகினாலும் தண்ணீர் நூலாகத்தான் வரும். லேப்டாப் சத்தமும் அப்படித்தான். வீடியோவுக்கென்று ஒரு வால்யூம், அது ஓடும் நிரலுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, அதற்குக் கீழே டிரைவர் (ஒலிக் கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), கடைசியில் ஸ்பீக்கர். நாம் எல்லாரும் கடைசிக் குழாயையே திருகிக்கொண்டிருக்கிறோம். டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்தால் வால்யூம் மிக்சர் வரும். ஒவ்வொரு நிரலுக்கும் தனித் தனியாக ஒரு கோடு இருக்கும். எனக்கு பிரவுசரின் கோடு கால் பங்குக்கும் கீழே கிடந்தது. எப்போது இறக்கினேன் என்று எனக்கே நினைவில்லை.

வால்வு எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஹெட்போன். அதை மாட்டிக் கேள். அதில் சத்தம் கணீரென்று வந்தால் உள்ளே பெரும்பாலும் சரி, ஸ்பீக்கர் பக்கம்தான், அல்லது அதற்கான டிரைவரில்தான் கோளாறு. ஹெட்போனிலும் மெலிந்திருந்தால் ஸ்பீக்கரை விட்டுவிடு, மேலே இருக்கும் வால்வுகளைப் பார். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். நான் கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், போர்டு போயிற்று, புதுசு வாங்குங்கள் என்றார்கள். மனசு கேட்கவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கதை இதுதான். ஹெட்போனில் பழைய பாட்டு போட்டால் வயலின், தபலா எல்லாம் பக்கத்தில் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாட்டு கெட்டுப்போன பதிவோ என்று வேறு பாட்டு மாற்றினேன், அதிலும் அப்படியே. காரணம் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஹெட்போனின் ‘பின்’ லேப்டாப்பின் ஓட்டைக்குள் முழுசாக இறங்கவில்லை. இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்டு கம்பி. அந்தக் கிரவுண்டு தொடாமல் போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் பதிவு செய்வார்கள். வித்தியாசம் இல்லாததால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஓரங்களில் இருக்கும் வாத்தியங்கள் தப்பிக்கின்றன. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையின் அடியில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. சட்டைப் பையிலிருந்து போன நூல்தூசியாக இருக்க வேண்டும். பல் குத்தும் குச்சியால் மெல்ல எடுத்தேன், உள்ளே எதையும் அழுத்தாமல். பின்னை மாட்டினால் க்ளிக் என்று இறங்கியது. போட்ட முதல் பாட்டிலேயே குரல் முன்னால் வந்து நின்றது. அப்போது கண் கலங்கிவிட்டது மாப்ளே.

ஹெட்போன் சரியாயிற்றே தவிர, ஸ்பீக்கரில் சத்தம் அப்போதும் மெலிந்துதான் இருந்தது. என்னுடையது 2012இல் வாங்கியது, விண்டோஸ் 7இலிருந்து 10க்கு ஏற்றியது. ஏற்றும்போது பழைய டிரைவர் போய், மைக்ரோசாஃப்ட்டின் பொது டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டது. பொது டிரைவர் எல்லா லேப்டாப்புக்கும் வேலை செய்யும், ஆனால் அந்தந்த லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு ஏற்றபடி கம்பெனிக்காரர்கள் செய்துவைத்த சரிக்கட்டல் அதில் இருக்காது. டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் பகுதியைத் திறந்து பார். வெறும் ‘ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்று மட்டும் இருந்தால் அது பொது டிரைவர். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் ரியல்டெக் போல, ஒலிச் சிப் செய்த கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கு. தேடியதும் கண்ணில் படுகிற ‘டிரைவர் அப்டேட்டர்’ எதையும் தொடாதே, அதில் பாதி குப்பை. எனக்கு விண்டோஸ் 8க்கான டிரைவர்தான் கிடைத்தது, அதுவே போதுமாக இருந்தது.

இன்னொன்றை நீ அவசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீ வாராவாரம் வீடியோவில் பேசுகிறவன். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்தால் கடைசியில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். யாரோடாவது பேசும்போது மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைத்துவிடு என்பதுதான் அங்கே வழக்கமாக இருக்கும் ஏற்பாடு. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் பேசி முடித்த பிறகும் அந்த நிரல் பின்னால் திறந்தே கிடந்து, பாட்டு அடங்கியே இருந்தது எனக்கு நடந்தது. அங்கே ‘டூ நத்திங்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடு.

அதே சவுண்டில் ஸ்பீக்கரின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற பக்கம் இருந்தால், லவுட்னெஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று தென்படும். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தோடு சமமாக்கும். பேரன் பேச்சுக்கும் செய்திக்கும் அது நல்லது. கச்சேரி கேட்கும்போது மட்டும் எடுத்துவிடு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முணுமுணுப்பாகத் தொடங்கி ஏறி வருமே, அந்த ஏற்றத்தையே அது தட்டையாக்கிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

சினிமாவில் சண்டை காதைப் பிளக்க, வசனம் மட்டும் கேட்கவில்லை என்றாயே, அது வேறு சமாச்சாரம். அந்தப் படங்கள் ஆறு தடத்தில் ஒலி வைத்து வருகின்றன, வசனம் நடுத் தடத்தில் இருக்கும். உன் லேப்டாப்பில் இரண்டே ஸ்பீக்கர். பிளேயரில் ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுத்துப் பார். விஎல்சியில் வால்யூமை 100க்கு மேலேயும் ஏற்றலாம், ஆனால் கரகரக்கத் தொடங்கினால் உடனே இறக்கு. ஒரு வாட், இரண்டு வாட் தாங்குகிற ஸ்பீக்கர் அது.

அப்புறம் லேப்டாப்பை எங்கே வைத்துப் பேசுகிறாய்? கட்டிலில் போர்வை மேல் என்றால், பல பழைய லேப்டாப்களுக்கு ஸ்பீக்கர் அடியில்தான் இருக்கும், வாயைப் பொத்தின மாதிரி ஆகிவிடும். மேஜையில் வை. ஸ்பீக்கர் வலையில் தூசி இருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடு. எல்லாம் செய்தும் ஸ்பீக்கர் கரகரத்தால் அது கிழிந்திருக்கும். அதை மட்டும் மாற்ற முடியும், போர்டோடு சம்பந்தமே இல்லை.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் உன் தம்பி மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதே, பழைய லேப்டாப்புக்கு அது ஒத்துவரும். அங்கே டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஆல்சாமிக்சர் (alsamixer) என்று அடித்து, F6 விசையால் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஸ்பீக்கர், பிசிஎம் போன்ற வால்யூம்கள் வரிசையாக நிற்கும். அடியில் இரண்டு எம் தெரிந்தால் அது மௌனமாக்கப்பட்டது என்று அர்த்தம், எம் விசையைத் தட்டினால் திறந்துவிடும். அங்கேயும் இதே வால்வுக் கதைதான்.

கடிதம் நீண்டுவிட்டது. முதலில் ஹெட்போன் சோதனையைச் செய். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு நான் வீடியோவில் கூப்பிடுகிறேன், லேப்டாப்பை மேஜையில் வைத்து, ஹெட்போனோடு உட்கார்ந்திரு. நான் சொல்லச் சொல்ல நீ ஒவ்வொன்றாகத் திற. ஞாயிற்றுக்கிழமை பேரன் வருவதற்குள் முடித்துவிடலாம். அவன் சொல்கிறதைக் கேட்டுவிட்டு, என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்