முடி கொட்டிய தோலைப் பார்த்தேன்

பாப்பாவுக்கு,

நீ முடியோடு பதப்படுத்திய முயல் தோலின் படத்தைப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் முடி கொத்துக் கொத்தாகப் போயிருக்கிறது. படிகாரம்தான் சரியில்லை என்று மறுபடி வாங்கினாயாமே, அதில் குற்றம் இல்லை. உரித்த தோலை மத்தியானம் வரைக்கும் சாக்கில் சுருட்டி வைத்தாய் பார், அங்கேதான் கெட்டது. கொடைக்கானல் மலையில், மன்னவனூர்க் குளிரில் அது தாங்கும். பழனி வெயிலில் தாங்காது. தோல் அழுகத் தொடங்கினால் முதலில் முடியின் வேர்தான் விடும். போன முடி போனதுதான்.

அடுத்த தடவை உரித்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சூட்டை இறக்கு. ரத்தம் போகக் கழுவிப் பிழிந்துவிடு. எட்டு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ கல் உப்பு, கால் கிலோ படிகாரம். படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றி, தோலை அதில் ஊறப்போடு. பிளாஸ்டிக் வாளிதான் நல்லது, இரும்பும் அலுமினியமும் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து எடுத்து, பின்பக்க ஓரத்தில் நகத்தால் ஜவ்வைக் கிளப்பு. கட்டைவிரலை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் சதையும் கொழுப்பும் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அவசரப்பட்டால் வயிற்றுப் பக்கம் கிழிந்துவிடும். அப்புறம் அதே தண்ணீரில் இன்னும் அரைக் கிலோ உப்பு, கால் கிலோ படிகாரம் சேர்த்து ஏழு நாள். காலையும் மாலையும் கிளறிவிடு. கழுத்தோரம் ஒரு துளி வெட்டிப் பார். வெட்டிய இடம் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் ஊறட்டும்.

உன் தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்றவர். ஆட்டுத்தோலுக்குச் சுண்ணாம்பும் பட்டையும். முயல் தோலுக்கு இரண்டும் ஆகாது. சுண்ணாம்பு முடியைக் கழித்துவிடும், பட்டைச் சாறு வெள்ளை முடியைப் பழுப்பாக்கிவிடும். ஆனால் தோலை இழுக்கிற கை அவர் தந்தது. நிழலில் காயப்போட்டு, பாதி ஈரம் இருக்கும்போதே எடுத்து இரண்டு கையாலும் இழு. விறைத்து மங்கிக் கிடக்கிற தோல் இழுத்த இடத்தில் மட்டும் சட்டென்று வெளுக்கும். நாற்காலி முதுகில் போட்டு முன்னும் பின்னும் தேய். காயவிட்டு, லேசாக ஈரம் காட்டி, மறுபடி இழு. கை வலிக்கும், விடாதே. இதில்தான் தோல் துணியாகிறது.

தாத்தா கையின் வாடையைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். அது உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இந்த வேலையை உங்கள் கண்ணிலேயே காட்டாமல் வளர்த்தேன். இப்போது நீயாகவே கேட்டாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை பாப்பா, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று சொல்ல மறந்தேன். முடிந்த தோலைத் தண்ணீரில் துவைக்காதே. படிகாரம் கரைந்து போய் மறுபடி தகடாகிவிடும். அழுக்கானால் காய்ந்த தவிட்டைப் போட்டுத் தேய்த்து உதறு, போதும்.

மார்கழியில் வரும்போது அந்த முடி போன தோலையும் எடுத்து வா. முதுகுப் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே துணி கொடுத்துத் தைத்தால் பேரனுக்கு ஒரு குல்லாவுக்குக் காணும்.

அப்பா