போலாம் ரைட் சொன்ன தங்கச்சிக்கு

வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. கழுத்தில் தையல் இன்னும் இழுக்கிறது. மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு, ஆபரேஷன் செய்தார்கள். மற்றதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி சொல்லப்போவதில்லை.

பணம் திரட்டிய கும்பகோணம் - தஞ்சாவூர் தடத்து டிரைவர், கண்டக்டர் நண்பர்கள், சம்பளம் பிடிக்காத முதலாளி, ரத்தம் கொடுத்த காலேஜ் பிள்ளைகள், வராந்தாவிலேயே கிடந்த மச்சான், டாக்டர்கள், நர்சுகள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவருடைய பெயர் மட்டும் தெரியாது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி.

கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஆளை முழித்திருக்க விட்டுத்தான் அறுத்தார்கள். ரத்தக்குழாயைக் கவ்வி நிறுத்தும் நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்பதைப் பேச்சையும் கையையும் வைத்துப் பார்ப்பார்களாம். அடைப்பு இடது பக்கம். இடது பக்க மூளைதான் வலது கையை ஆட்டிவைக்குமாம், அதனால் வலது கை. அதில் பிழிந்தால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து ஒன்றை அந்தத் தங்கச்சி வைத்தார். அவர் மகனுடையது. ஒரு கண்ணில் பெயின்ட் போயிருந்தது.

முகத்தின் மேல் பச்சைத் துணி. எனக்கு மூச்சு முட்டியது. துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைண்ணே?"

"கண்டக்டர்."

"அப்போ ஸ்டாப் எல்லாம் சொல்லுங்க. ஸ்டாப்புக்கு ஒரு விசில்."

தாராசுரம், கீச். சுந்தரபெருமாள் கோவில், கீச். பாபநாசம். அங்கே நின்றுவிட்டேன்.

"அண்ணே, அடுத்தது? அண்ணே!" குரல் மாறிவிட்டது. மூளைக்கு ரத்தம் போக நடுவில் குழாய் வைக்கலாமா என்று மேலே பேச்சு.

எனக்கு ஒன்றுமில்லை. பாபநாசத்தில்தான் என் தம்பி இருக்கிறான். அப்பா போனது 44 வயதில். எனக்கு எல்.டி.எல்., அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, 268. 190-ஐத் தாண்டினாலே பரம்பரையா என்று பார்க்கணும், அப்படியென்றால் கூடப் பிறந்தவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் முந்தின நாள் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"ராஜகிரி" என்று சொல்லி ரெண்டு தடவை பிழிந்தேன்.

"போலாம் ரைட்!" என்றார் தங்கச்சி. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன்.

வாத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். மாத்திரை டப்பா பக்கத்தில் இருக்கிறது. ஒரு வேளைகூட விடமாட்டேன். பீடியையும் விட்டாச்சு. புரோட்டாதான் கஷ்டம்.

தம்பி இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை. "நான் ஒல்லிதானே" என்கிறான். நானும் ஒல்லிதான். டேய், புதன்கிழமை காலை வெறும் வயிற்றோடு ஸ்டாப்பில் நில். 6.10 வண்டியில் நம்ம பையன்தான் கண்டக்டர். உன்னை ஏற்றாமல் விசில் கொடுக்கமாட்டான்.