கரையிலிருந்தே இறங்கும் கடல்

பெசன்ட் நகர், சென்னை
ஐப்பசி 24

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, மாமியாருக்குச் சளியும் ஜுரமுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. இப்போது தேவலை. காலையில் அவரே ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால்தான் இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணாவுக்கு அறுபதா! உன் கல்யாணத்தன்று மாடிப்படியில் உட்கார்ந்து உனக்கு மருதாணி வைத்துவிட்டது நேற்று மாதிரி இருக்கிறது. தை மாதம் திருக்கடையூருக்கு நாங்கள் முதல் நாள் இரவே வந்துவிடுவோம். அபிராமி சன்னதியில் உங்கள் இருவரையும் மாலையும் கழுத்துமாகப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் பணம் சேர்த்து உங்களைக் கடலோரம் அனுப்புவதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "மீனும் பவளமும் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும், எந்த ஹோட்டல் நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு பெயரை எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் நாங்கள் முதல் தடவை அப்படி ஒரு பெயரை நம்பிப் போய்த்தான் ஏமாந்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவு போனோமே, அது. தண்ணீர் மேல் கட்டிய அறை, கட்டிலிலிருந்து பார்த்தால் கடல், வாசலில் படி. படத்தில் அந்த வெளிர் நீலத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டினோம். அறையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்கடியில் பார்க்கும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினால் கீழே வெறும் வெள்ளை மணல். பவளம் இருக்கும் இடத்துக்குப் படகில் போக வேண்டும், தினம் ஒரே நடை, ஆளுக்குத் தனிக் காசு. இவருக்கு நீச்சல் தெரியும், எனக்குத் தெரியாது. நடுக்கடலில் படகிலிருந்து இறங்கு என்றால் எப்படி இறங்குவேன்? நான் படகிலேயே இருந்தேன், இவர் மட்டும் போய் வந்தார். பார்த்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். தனியாகப் பார்த்தது அவருக்கும் ருசிக்கவில்லை. மூன்றாம் நாள் காற்று அதிகம் என்று படகும் போகவில்லை.

அந்த வெளிர் நீலம் எங்கே தெரிகிறதோ அங்கே ஆழம் குறைவு, அடியில் மணல். பவளம் இருக்கும் இடம் மேலிருந்து பார்த்தால் கருநீலமாக, திட்டுத் திட்டாகத் தெரியும். இது தெரிந்த பிறகு, இரண்டாம் தடவை போகும் முன் இவர் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தீவாகப் பார்த்தார். சில தீவுகளில் மணல் கரைக்கும் அந்தக் கருநீல விளிம்புக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர் வெளிர் நீலம். சிலவற்றில் விளிம்பு கரையை ஒட்டியே ஓடுகிறது. கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டரில் விளிம்பு இருக்கிற தீவைத் தேடி எடுத்தோம். அப்படித் தீவை ஒட்டியே இருக்கும் பவளத்திட்டை அங்கே ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். நீ ஹோட்டல்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஹவுஸ் ரீஃப் உண்டா, என் அறை வாசலிலிருந்து எத்தனை மீட்டர், இறங்க ஏற எங்கே வழி விட்டிருக்கிறார்கள்?

அந்த இரண்டாம் தடவையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சாதாரண மணல் கரை அறை, சின்னத் தீவு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய மிதவை வளையத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். இடுப்பளவு தண்ணீர்வரை நடந்து போய்த் தலையைக் கவிழ்த்தேன். முதலில் என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம், யாரோ பொரிகடலை மெல்லுகிற மாதிரி, கறுக் கறுக் என்று. பச்சையும் நீலமுமாக முழ நீளத்துக்கு ஒரு கிளிமீன், பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னாலிருந்து மாவு சலித்த மாதிரி வெள்ளையாக மணல் உதிர்ந்தது. அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும் பங்கு இந்த மீன்கள் பவளத்தை அரைத்துப் போட்டதுதானாம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, காபி குடிக்கும் முன்னாலேயே இறங்கிவிட்டோம். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு அழுங்காமை. கிளி மூக்கு மாதிரி வாய். பாறை இடுக்கில் எதையோ இழுத்து இழுத்துத் தின்றது, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே தை, மாசியில் காலை நடை போகும்போது எலியட்ஸ் கடற்கரையில் வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷமாகக் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், மணலும் அலையும் ஆற்று வண்டலும் கலந்த நம் கடலில் ஒரு முழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. உயிரோடு ஒரு ஆமை தண்ணீருக்குள் சாப்பிடுவதைப் பார்த்ததும் இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் அழுதால் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன். நாலு நாளில் ஒன்பது தடவை இறங்கினோம். படகுக்குக் காத்திருக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை.

சரி, உங்களுக்கு எது? நீங்கள் போகப்போவது மாசியில். அதை வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். அண்ணா ஆசைப்படும் திருகோணமலை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். கோணேஸ்வரம் இருக்கிறது, தமிழ் பேசலாம், நிலாவெளிக்கு எதிரே புறாத் தீவில் நல்ல பவளம். ஆனால் அந்தக் கரைக்கு வைகாசி முதல் புரட்டாசிவரைதான் கடல் அமைதி. மாசியில் வேண்டாம்.

அந்தமான் அப்போது நன்றாக இருக்கும். பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து நேராக விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அங்கே ஹேவ்லாக் தீவில் கிழக்குக் கரை ஹோட்டல்களுக்கு முன்னால் வற்றத்தில் கடல் வெகு தூரம் உள்வாங்கிப் பாறையும் சேறுமாகிவிடும். ராதாநகர் கரை அழகு, ஆனால் அங்கே மணலும் அலையும்தான். மீன் பார்க்க எலிஃபன்ட் பீச்சுக்குப் படகிலோ காட்டு வழியே நடந்தோ போக வேண்டும், அங்கே கூட்டம். நீல் தீவில் பரத்பூர் கரையில் நடந்தே இறங்கலாம், ஆனால் அடியில் கண்ணாடி வைத்த படகுகள் ஓயாமல் போய் வரும். செல்லுலார் சிறையும் காடும் பார்க்க அந்தமான் போ. நீ கேட்டதற்கு அது இரண்டாம் பட்சம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அறைகளும் குறைவு.

அதனால் மாலத்தீவுதான் என் கட்சி. மார்கழியிலிருந்து பங்குனிவரை அங்கே மழை குறைவு, தண்ணீர் தெளிவு. நமக்குப் போய் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம். புறப்படுவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பெரியவனை நிரப்பச் சொல். விளம்பரத்தில் போட்ட வாடகையை நம்பாதே. 17 சதவீதம் வரி, 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2025 ஜனவரியிலிருந்து பெரிய ரிசார்ட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. தலைநகர் மாலேயிலிருந்து தீவுக்குப் போகிற செலவு தனி. கடல் விமானம் பகலில்தான் பறக்கும், சாயங்காலம் போய் இறங்கினால் ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டிவரும். வேகப் படகில் போகக்கூடிய தீவாகப் பார், செலவும் குறையும். தண்ணீர் மேல் அறைக்குக் கொடுக்கும் பணத்தில் மணல் கரை அறையில் இன்னும் இரண்டு நாள் தங்கலாம். உன் முழங்காலுக்கு அந்த ஏணிப்படியும் ஆகாது.

இன்னொன்று. 2016-இலும் 2024-இலும் கடல் சூடேறிப் பல இடங்களில் பவளம் வெளுத்துவிட்டது. ஹோட்டல் காட்டும் படம் எந்த வருஷத்தது என்று தெரியாது. போன ஆறு மாதத்தில் தங்கியவர்கள் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். மாசியில் தீவின் எந்தப் பக்கம் காற்று படாமல் இருக்கும், நீரோட்டம் எப்படி என்றும் கேள். முதல் நாள் அங்கிருக்கும் கைடைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள், பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், முதுகு வெந்துவிடும்.

மாஸ்க்கை அங்கே வாடகைக்கு எடுக்க வேண்டாம். முகத்தில் வைத்து, பட்டையை மாட்டாமல் மூக்கால் மூச்சை இழுத்தால் அது அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் சரியான அளவு. அண்ணாவின் மீசை வழியாகத் தண்ணீர் கசியும், மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் போதும். இங்கே எனக்குத் தெரிந்த கடையில் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. அண்ணாவுக்குக் கிட்டப்பார்வை எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது, வாங்கித் திருக்கடையூருக்கு எடுத்து வருகிறேன். உனக்கு என்னுடையதே சரியாக இருக்கும், நம் இரண்டு பேர் முகமும் ஒரே அளவுதானே. கும்பகோணத்தில் நீச்சல் குளம் இருந்தால் அதற்குள் நாலு நாள் குழாய் வழியாக மூச்சு விட்டுப் பழகு.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ஜெயா