இரண்டு இ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால்தான் அப்படியே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

நம் புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதில் 'ஸ்டோரி' என்பதற்கு 'இ' போடாமல் அச்சடித்துவிட்டார்கள். மாடி என்றால் 'ஒய்'க்கு முன்னால் ஓர் 'இ' வேண்டும், இல்லாவிட்டால் கதை. '11வது கதையில் மின்தூக்கி நிற்காது' என்று படித்து, தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பேனாவை எடுத்து அந்த 'இ'யைப் போட்டும் விட்டேன். இரண்டாம் மாடி மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, பார்த்துவிட்டு, "அங்கிள், ரிட்டயர் ஆகியும் வேலையா?" என்றார்.

உங்கள் ஊரில் இது பிழையே இல்லை, தெரியும். அமெரிக்கர்கள் மாடியையும் கதையையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணுவதில் சிங்கப்பூர்க்காரர்களான நாமும் அமெரிக்கர்களும் ஒரு கட்சி. எழுதும்போது மட்டும் இங்கிலாந்துக் கட்சிக்குத் தாவிவிடுகிறோம். லண்டன்காரனுக்கு நம் இரண்டாம் மாடிதான் முதல் மாடி.

நியூஜெர்சிக்குப் போன முதல் வருஷமே நீ 'கலரி'லிருந்து 'யூ'வைக் கழற்றிவிட்டாய். கேட்டதற்கு, வெப்ஸ்டர் 1828இல் போட்ட அகராதி என்று எனக்கே பாடம் நடத்தினாய். நானும் விடாமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்த மனிதர் நாக்குக்கான சொல்லைக்கூட 'டி, யூ, என், ஜி' என்று சுருக்கப் பார்த்தாராம். அதை மட்டும் யாரும் சட்டை செய்யவில்லை. நீ பேசும்போது சொல்ல வைத்திருந்தேன். கடையில் ரப்பர் என்று கேட்காதீர்கள், இரேசர் என்று கேளுங்கள் என்று நீ மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாயாமே. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானே தெரிந்துகொண்டேன். எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

வெள்ளைக்காரர்கள் எழுதும் இங்கிலீஷை என் மகள் உட்கார்ந்து திருத்துகிறாள் என்று கோப்பிக்கடையில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை. 19 நாள் ஆயிற்று. குறை சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன். ராத்திரி கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா உன்னோடு பேசும்போது போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டால், "எல்லாம் ஓகே மாமா." போன வாரம் தேக்கா சந்தைக்குப் போய் இரண்டு கிலோ கறுப்பு உளுந்து வாங்கி வந்தாள். வறுத்து அரைத்துச் சலித்தாள். வீடெல்லாம் அந்த வாசனைதான். நேற்று பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பாப்பா, 'ஐலண்ட்' ஞாபகம் இருக்கிறதா?

1998. நீ தொடக்கநிலை 2. வெள்ளிக்கிழமை ஸ்பெல்லிங்கில் பத்துக்கு ஒன்பது. 'எஸ்' இல்லாமல் எழுதியிருந்தாய், காதில் விழுந்தபடி. நான் ரோத்தான் பிரம்பை எடுத்தேன். கணுக்காலில் இரண்டு கோடு. அப்பத்தா குறுக்கே வந்து விழுந்ததால் இரண்டோடு நின்றது. அன்று நீ அழவில்லை. நோட்டை எடுத்து அந்தச் சொல்லைப் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்து காட்டினாய்.

அன்று காலையில் நடந்ததை இதுவரை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கப்பல் பட்டறையில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஸ்டோருக்குக் காகிதம், பேனா கேட்டுச் சீட்டு எழுதினேன். 'ஸ்டேஷனரி'யில் 'இ' போட வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவிட்டேன். எழுதுபொருள், நகராத பொருளாகிவிட்டது. மேலதிகாரி அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று படித்தான். கீழே என் கையெழுத்து. அந்தச் சீட்டை என்னால் கிழிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தேன், உன் நோட்டு மேசைமேல் இருந்தது.

ஒன்று சொல்கிறேன் கேள். அந்த 'எஸ்' அந்தச் சொல்லுக்குச் சொந்தமே இல்லையாம். பழைய இங்கிலீஷில் அது கிடையாது. பிரெஞ்சிலிருந்து வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இதுவும் அதன் உறவுதான் என்று பிற்காலத்தில் நுழைத்தது. கடனுக்கான 'டெட்'டில் நிற்கிற 'பி'யும் அப்படித்தான், லத்தீன் படித்தவர்கள் கொண்டுவந்து வைத்தது. போன வருஷம்தான் படித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய்.

அதற்கு அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்று இங்கே பிற்பகல் மூன்று மணி. உன் செய்தி வந்தது. 'ஐ ஆம் வெரி வீக், அப்பா.' பலவீனத்துக்கு வாரத்தைப் போட்டிருந்தாய், இரண்டு 'இ'. நான் 'டபிள்யூ, இ, ஏ, கே' என்று திருப்பி அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. நீல நிறத்தில் இரண்டு குறி விழுந்தது. அவ்வளவுதான்.

இப்போது உனக்கும் எனக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இரண்டு வீட்டுக் கடிகாரத்திலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். நீ அதை எழுதியபோது உனக்கு விடியற்காலை மூன்று என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. பிழையே விடாதவள் பிழை விட்டிருக்கிறாள் என்பது அதற்கும் பிறகு. எழுந்து போனை எடுத்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். அம்மாவை எழுப்பவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்கு ஏனோ தோன்றியது.

நீ சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. அம்மாவிடம் சொன்னது போதும். சாப்பிடு. படுத்தால் எழுந்திருக்காதே, ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது.

உளுந்து நாளைக்குத் தபாலில் வருகிறது. பெட்டிமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். அம்மா என்னைத்தான் எழுதச் சொன்னாள். நீயே எழுது என்று பேனாவைக் கொடுத்தேன். முழங்காலை நீட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக எழுதினாள். மாவுக்குப் பதில் பூ என்று எழுதியிருக்கிறாள். ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களும் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதினார்களாம். சுங்கத்தில் கேட்டால் மாப்பிள்ளை சொல்லிக்கொள்ளட்டும். நான் பார்த்தேன், ஒட்டுநாடாவை அதன்மேலேயே ஒட்டினேன். அப்படியே வருகிறது.

அப்பா