கடைமடை மதகுகளில் உப்பு அளவைத் தினமும் பதிய வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைஞாயிறு வட்டாரக் கடைமடை விவசாயிகள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: கடைமடை ரெகுலேட்டர்களில் (மதகுகளில்) உப்பு அளவு பதிவதும், மண், தண்ணீர் ஆய்வு முடிவுகள் விதைப்புக்கு முன்பே எங்களுக்குக் கிடைப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் கடலை நெருங்கும் இடத்தில் இருக்கின்றன எங்கள் வயல்கள். மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வருவது எங்களுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் மேலே உள்ள ஊர்களின் வடிநீர் முழுவதும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறி நின்றால் அதுவும் போகாது. அந்த நேரத்தில் ஷட்டரைத் தூக்கினால் உவர்நீர் ஏறும், இறக்கினால் நட்ட பயிர் மூழ்கும்.

இந்த முடிவை எடுப்பவர் மதகில் நின்று ஷட்டரை இயக்கும் பணியாளரான லஸ்கர். அவரிடம் கருவி கிடையாது. தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார், கரித்தால் இறக்குவார். அனுபவசாலி, நாங்கள் அவரை மிகவும் நம்புகிறோம். ஆனால் லேசான கரிப்பா, நாற்று தாங்காத உப்பா என்று எந்த நாக்காலும் பிரிக்க முடியாது. போன சம்பாவில் எங்களில் ஒருவருக்கு வாய்க்காலை ஒட்டிய மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தில் இருபதாம் நாளே நாற்றின் நுனி கருகிச் சுருண்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் பயிர் பச்சையாக இருந்தது.

வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளும் சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் இருக்கிறது, களர் (சோடிய உப்பு) நிலம் தாங்கும் டி.ஆர்.ஒய். 3 ரகம் இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் நம் டெல்டாவில்தான் இருக்கிறது. எந்த வயலுக்கு எது என்று சொல்லத்தான் அளவு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஆய்வுக்கு வந்தவர்கள் பை பையாக மண் எடுத்துப் போனார்கள், வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். முடிவு என்ன என்று இன்றுவரை எங்களுக்கு ஒரு வரி வரவில்லை. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

ஆகவே, எங்கள் பகுதியின் ஒவ்வொரு கடைமடை ரெகுலேட்டருக்கும் உப்பு அளக்கும் கைக்கருவி ஒன்று தந்து, லஸ்கருக்குப் பயிற்சி கொடுத்து, காலையும் மாலையும் அளவைப் பலகையில் எழுத உத்தரவிட வேண்டுகிறோம். அப்புறம், ஆவணி பிறக்கும் முன்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், நீர்வளத்துறை, வேளாண்மைத்துறை, வனத்துறைப் பணியாளர்கள், லஸ்கர்கள், நாங்கள் என எல்லோரும் ஒன்றாக உட்காரும் கூட்டத்தைத் தாங்கள் கூட்ட வேண்டும். வனத்துறையையும் சொல்வதற்குக் காரணம் உண்டு: அலையாத்திக் காடுகளுக்கும் ஆற்றின் நல்ல தண்ணீர் வேண்டும், எவ்வளவு வருகிறது என்ற கணக்கு அவர்களுக்கும் இதே பலகையில் கிடைக்கும். இங்கிருந்து ஆய்வுக்கு எடுக்கும் மண், தண்ணீர் முடிவுகள் அந்தந்த ஊராட்சியில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

பலகை வைக்க இடமும், லஸ்கர் வராத நாளில் அளவெடுத்து எழுத ஆளும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைஞாயிறு வட்டாரக் கடைமடை விவசாயிகள்