கோச் இல்லாத ஒரு மணி நேரம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

பெரியவனுக்குக் கண்ணாடி போட்டாச்சு என்று சொன்னாய். ரெண்டாங்கிளாஸ் பையனுக்கா என்று அம்மா அன்றைக்கு முழுக்கப் புலம்பித் தீர்த்துவிட்டாள். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான், பிள்ளைகளை வெளியே இஷ்டத்துக்கு விளையாட விடுவது பற்றி எழுதுகிறேன்.

கண் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போன்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பகல் வெளிச்சம் போதாததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற குறை, வந்தது. வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு. தைவானில் 2010-லிருந்தே தினமும் 120 நிமிஷம் வெளியே என்று பள்ளிகளில் திட்டம் போட்டுவிட்டார்கள். கிட்டப்பார்வை வந்தபின் குறைப்பதைவிட, வராமல் தள்ளிப்போடுவதில்தான் இதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே பெரியவனைவிடச் சின்னவளை நினைத்துத்தான் சொல்கிறேன். அதற்காக வெயிலில் காயவேண்டாம். பகலில் மர நிழலில்கூட ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும்.

"அவன்தான் பேட்மிண்டன் போறானே" என்பாய். நாலு சுவருக்குள்ளே ஆடுகிற ஆட்டம், சரி, போகட்டும். ஆனால் அது போதும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. ஆயுள் முழுக்க பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். (பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்த கதை தனி.) விசில் ஊதினால் ஓடுவார்கள், ஊதினால் நிற்பார்கள். உடம்புக்கு நல்லதுதான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்சுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அதே பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். யார் பிடிப்பது என்று சாட் பூட் த்ரீ போடுவார்கள். எல்லை எது? சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும். சட்டையைத் தொட்டால் அவுட்டா இல்லையா? அதற்கு ஒரு பெரிய சண்டை. ஒருத்தன் கோபித்துக்கொண்டு போவான். ஆள் குறைந்தால் ஆட்டம் படுத்துவிடும், அதனால் அவனைச் சமாதானம் பண்ணி இழுத்து வருவார்கள். அண்ணன்கூட ஒட்டிக்கொண்டு வந்த பொடிசை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது அவுட்டானாலும் அவுட் இல்லை. கூடவே ஓடும், சிரிக்கும், பார்த்துப் பார்த்து ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் "இனிமே இவளும் அவுட்டுதான்" என்று அவர்களே அறிவிப்பார்கள். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டுமே! கோச் ஒருத்தர் நின்றால் இதெல்லாம் நடக்காது. சண்டை நேராக அவரிடம் போய்விடும்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் ஃபிளாட்டில் பார்த்தேன். ரப்பர் தரை, ரெண்டு சறுக்கு, ஒரு ஊஞ்சல். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடுகிறது. பின்பக்கம் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலுக்கு ஓடுகிறார்கள், செக்யூரிட்டி விரட்டுகிறார். டென்மார்க்கில் பூங்காக்களை வடிவமைத்த சோரன்சன் என்பவரும் இதைத்தான் கவனித்தார். அவர் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொடுத்த திடல்களைவிட, கட்டட வேலை நடக்கிற இடங்களில்தான் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். 1943-ல், ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகையும் செங்கலும் போட்டு ஒரு இடத்தைப் பிள்ளைகளிடம் விட்டார்கள். தோண்டினார்கள், குடிசை கட்டினார்கள். பெரியவர் ஒருத்தர் கூடவே இருந்தார், ஆனால் இதைச் செய் அதைச் செய் என்று ஏவமாட்டார்.

காலம் கெட்டுக் கிடக்குப்பா என்பாய். வாஸ்தவம். தெருவில் விடச் சொல்லவில்லை, உங்கள் ரோட்டைக் கடக்க நானே பயப்படுகிறேன். காம்பவுண்டுக்குள் ஒரு மணி நேரம் விடு. நீயோ மாப்பிள்ளையோ தள்ளி ஒரு பெஞ்சில் உட்காருங்கள். வண்டி வருகிற வழி, மூடாத சம்ப், மண்டை உடைகிற உயரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டால் போதும். முட்டி சிராய்த்தால் கழுவிவிட்டுத் திரும்ப அனுப்பு. "போரடிக்குதும்மா" என்று முதலில் வந்து நிற்பான், கண்டுகொள்ளாதே. இன்னொன்று, இவனை மட்டும் இறக்கிவிட்டால் ஆட்டம் கூடாது. நாலு வீட்டில் பேசி எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். நாலரைக்குள் இறங்கினால் வெளிச்சமும் இருக்கும்.

பேட்மிண்டன் இருக்கட்டும். அபாகஸ் வகுப்பு நேரத்தை இதற்குக் கொடு. ஃபீஸ் கட்டியாச்சே என்று மாப்பிள்ளை சொன்னால் இந்த டெர்மோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம், அந்த மணலை அள்ளச் சொல்லி சங்கத்தில் பேச்சு வந்தால் ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல். காசு கேட்டால் நான் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா